இருபத்தாறாயிரமும் ஆயிரமும்

26.11.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மழை பிடித்ததிலிருந்து அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடு. இரவு பதினொரு மணிக்கு மேல் ஃபோனில் எதையும் எழுதாதே.

பேசினால் போதாதா, கடிதம் எதற்கு என்பாய். தீபாவளிக்குப் பிறகு எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங்கில் இருக்கிறாய். கடிதத்தை மீட்டிங் முடிந்த பிறகும் படிக்கலாம்.

குடும்பக் குழுவில் நடந்ததைப் பற்றிக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. அக்கா போட்டது ஒரு வரி: இந்த மாத மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ஏறிவிட்டது, சின்னவளுக்குப் பாவாடை எடுத்தேன். கூடவே ஒரு படம். அதற்குக் கீழே நீ எழுதியதும் ஒரு வரிதான். 'மாதம் 26,000 என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், அப்படியானால் 26 அக்காக்களுக்கு நான் படியளக்கிறேன்.' நேரம் 11.40 என்று காட்டியது. மறுநாள் காலை அக்கா அந்தக் குழுவில் இல்லை. இதில் நான் சொல்ல ஒன்றுமில்லை, இருவரும் பெரியவர்கள். ஆனால் நீ போட்டிருப்பது தப்புக் கணக்கு. ஆயுள் முழுக்க டிக்கெட் கொடுத்து, சில்லறை எண்ணி, இரவு டிப்போவில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கைக்காசைப் போட்டு வசூலைக் கட்டியவன் நான். தப்புக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க எனக்கு வராது.

26,000 என்பதை முதலில் பிரித்துப் பார். அதில் 25,000 வருமான வரி. மீதி ஆயிரம் அதன்மேல் போடும் 4 சதவீதக் கல்வி, சுகாதார மேல்வரி. ஆண்டுக்கு 12,000. அக்கா ஆண்டுக்கு வாங்குவதும் அதே 12,000 என்பதால், இதுதான் அது என்று நீ நினைத்திருக்கலாம். மேல்வரியில் மாநிலங்களுக்குப் பங்கு கிடையாது. அது டெல்லியிலேயே நின்றுவிடும்.

பங்கு உள்ளது அந்த 25,000-இல்தான், ஆண்டுக்கு 3 லட்சம். அதில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 41 சதவீதம், அதாவது 1,23,000. அந்த 41-க்குள் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பார், ஏறத்தாழ 5,017 ரூபாய். மாதத்துக்கு 418. நீ வியர்வை சிந்தி, அதாவது ஏசி அறையில் வியர்வை சிந்தி, கட்டுகிற 26,000-இல் சென்னைக் கருவூலத்துக்கு வரிப் பங்காக வந்து சேருவது அவ்வளவுதான். அது ஏழு கோடிப் பேரைக் கொண்ட மாநிலத்துக்கு. மத்தியத் திட்டங்கள் வழியாகவும் பணம் வரும், ரேஷன் அரிசியிலும் மத்திய அரசின் பங்கு உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் உரிமைத் தொகை மாநிலத் திட்டம். அதற்கு நீ படியளப்பதாக இருந்தால் அந்த 418 ரூபாயிலிருந்துதான் அளக்க வேண்டும். ரோடு, போலீஸ், வாத்தியார் சம்பளம், வட்டி எல்லாவற்றுக்கும் கொடுத்ததுபோக அதில் அக்காவுக்கு என்ன மிஞ்சும்? 26 அக்காக்கள் வேண்டாம், இருக்கிற ஒரு அக்காவுக்கே காணாது.

இன்னொன்று. நீ சாமான் வாங்குவது பெங்களூரில். ஜிஎஸ்டியில் மாநிலப் பாதி, பொருளை வாங்கிப் பயன்படுத்துகிற மாநிலத்துக்குத்தான் போகும். உன் செருப்பு, சட்டை, ஃபோன், ஹோட்டல் சாப்பாடு எல்லாவற்றிலும் அந்தப் பாதி கர்நாடகத்துக்கு. அங்கே குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000 கொடுக்கிறார்கள், கிருகலட்சுமி என்று பெயர். உன் வீட்டுக்குப் பாத்திரம் கழுவ வரும் அம்மாளும் வாங்கக்கூடும். நீ படியளப்பது உண்மையானால் அவருக்குத்தான் அளக்கிறாய். அவரிடம் போய் அதைச் சொல்லிப் பார். மறுநாள் யார் பாத்திரம் கழுவுகிறார்கள் என்று எனக்கும் எழுது.

இப்போது மாப்பிள்ளையின் பக்கம். லோடு ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் டீசல். மாதத்தில் 26 நாள் ஓட்டுகிறார், 104 லிட்டர். தமிழ்நாட்டில் டீசல் மீதான மாநில வரி 11 சதவீதம், அதோடு லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசு. அந்த 11 சதவீதத்தை விட்டுவிடு, டெல்லி வாங்கும் கலால் வரியையும் விட்டுவிடு. 104-ஐ 9.62-ஆல் பெருக்கு. நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், 1,000 ரூபாய் 48 காசு. மாதாமாதம் மாப்பிள்ளை பங்க்கில் நின்று கட்டுவதைத்தான் 15-ஆம் தேதி அக்காவின் கணக்கில் திருப்பிப் போடுகிறார்கள். மிச்சம் 48 காசை அரசு வைத்துக்கொள்ளட்டும். வாடகையில் அதை வசூலித்துவிடுவார் என்று நீ வாதம் செய்வாய், தெரியும். வாடகை கொடுப்பவர்கள் யார்? வாழைத்தார் ஏற்றுகிறவர்கள், செங்கல் இறக்குகிறவர்கள். வருமான வரி அலுவலகத்தின் வாசலைக்கூடப் பார்க்காதவர்கள். 'வரி கட்டுகிறவன் நான்' என்று நீ சொல்லும்போது இவர்கள் யாரும் உன் கண்ணில் படுவதில்லை. சோப்புக்கும் பற்பசைக்கும் செப்டம்பர் 21 வரை 18 சதவீதம் வரி, இப்போது 5. இரண்டு விகிதமும் உனக்கும் ஒன்றுதான், அக்காவுக்கும் ஒன்றுதான். (நம் தெருக் கடையில் விலை குறைந்தபாடில்லை, அது வேறு சங்கதி.)

டாஸ்மாக்கைப் பற்றி எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். எழுதுகிறேன். 2023-24-இல் அதிலிருந்து அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடிக்கு மேல். உரிமைத் தொகைக்கு ஓராண்டுச் செலவு 14,000 கோடிக்குள். மூன்று மடங்கு. கடைசி டிரிப்பில் ஏறுகிறவர்களை முப்பது வயதிலிருந்து பார்த்தவன் நான். அந்த 45,000 கோடி யார் வீட்டு அடுப்பிலிருந்து போயிற்று என்று எனக்குத் தெரியும். நல்லவேளை, மாப்பிள்ளை அந்தப் பக்கம் போவதில்லை.

நீ சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அக்கா வீட்டுக்கு வருவதையெல்லாம் கூட்டினால் ரேஷன் அரிசி, நூறு யூனிட் மின்சாரம், பெரியவனுக்குப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி, மதியம் சத்துணவு, புத்தகம், சின்னவள் பிறந்த அரசு ஆஸ்பத்திரி, அப்போது கிடைத்த முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை, டவுனுக்குக் கட்டணமில்லாத பஸ். டீசலும் சோப்பும் இதற்கு ஈடாகாது. அவர்கள் கொடுப்பதைவிட வாங்குவது அதிகம். ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குறையைக் கம்பெனிகளும், பத்திரப் பதிவும், உன்னைப் போன்றவர்களும் நிரப்புகிறீர்கள். அப்போதும் நிரம்புவதில்லை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் வரும் ஒரு ரூபாயில் 24 பைசா கடன். வருமான வரி 22 பைசா. செலவாகும் ரூபாயில் 20 பைசா பழைய கடனுக்கு வட்டி. பெரிய மானியங்களுக்கு 6 பைசா. எனக்குத் தூக்கம் கெடுவது அந்த வட்டியை நினைத்தால்தான். 2021-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன் என்று போட்டிருந்தார்கள். அதை வெட்டி எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். நீ அந்தக் கடனைப் பற்றிக் கோபப்பட்டிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்திருப்பேன். உன் கோபம் ஒரு பாவாடையின் மேல் போயிற்று.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021-இல் வந்தபோது நான் இன்னும் பணியில் இருந்தேன். முதல் வாரம் முழுக்க, வயல் வேலைக்குப் போகும் ஓர் அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். காசு வேண்டாம், சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தினமும் சொல்ல வேண்டியிருந்தது. 'திரும்பி வரும்போது கேட்பீர்களா?' என்றார். கேட்கமாட்டேன் என்றேன். பிறகு அந்தக் காசில் பேரனுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு போவார். அதை இலவசம் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்கு வரவேண்டிய பஞ்சப்படியைப் பற்றி நான் இங்கே பேசவில்லை, பேசினால் கடிதம் முடியாது.

உன் கணக்கு முதல் மாதச் சம்பளத்திலிருந்து தொடங்குகிறது. நடுவழியில் ஏறியவன் ஏறிய இடத்திலிருந்துதான் டிக்கெட் எடுப்பான், சரி. ஆனால் நீ நடுவழியில் ஏறியவன் இல்லை. நீயும் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவன்தான். பஸ் பாஸ், சைக்கிள், பன்னிரண்டாம் வகுப்பில் கொடுத்த மடிக்கணினி. அதைத் திறந்த முதல் நாள் பக்கத்து வீட்டுப் பையன்கள் எல்லோரும் நம் திண்ணையில்தான் இருந்தார்கள். பிறகு கல்லூரிக் கட்டணத்தில் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை. அந்தச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பத்தை நிரப்பியது நீ. குடும்பத்தில் வேறு யாரும் பட்டதாரி இல்லை என்று உறுதி கூற வேண்டும். அக்கா பெயருக்கு நேரே 'பன்னிரண்டாம் வகுப்பு' என்று உன் கையால் எழுதினாய். அவள் எடுத்த மார்க்கும் உனக்குத் தெரியும். உன்னைவிட எவ்வளவு அதிகம் என்பதும் தெரியும். அவள் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கியிருந்தால் அந்தச் சலுகை அவள் பெயரில் முடிந்திருக்கும், உனக்குக் கிடைத்திருக்காது. இதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டாள்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. என் மகனுக்கு மாதம் 26,000 வரி பிடிக்கிறார்கள் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தது நான்தான். அந்த வரி என் கடைசிச் சம்பளத்தின் பாதிக்கு மேல். கேட்டவர்கள் நம்பவில்லை. உன்னைப் பற்றிப் பெருமை எனக்குக் குறையவில்லை. இரவில் நன்றாகத் தூங்கு, பதினொரு மணிக்கு ஃபோனைத் தூரமாக வை. நீ மோசமாக எழுதியது எல்லாமே அந்த நேரத்துக்குப் பிறகு எழுதியதுதான், பழைய செய்திகளை எடுத்துப் பார்த்தேன்.

மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றுமில்லை. கிழக்கே கண்மாய் நிரம்பிவிட்டது. சின்னவளுக்குக் காது குத்து தை கடைசி ஞாயிறு, பிப்ரவரி 8, நம் குலதெய்வம் கோயிலில். ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் குத்த வேண்டும். பத்திரிகை அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது. தாய்மாமன் பெயர் போடுவதா என்று அச்சகத்துப் பையன் கேட்டான். அதென்ன கேள்வி என்று அதட்டினேன். தோடு அம்மா எடுத்துவிட்டாள், சீரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். கோயிலுக்குப் பட்டுவேட்டி கட்டுவாயா சாதா வேட்டியா என்று மட்டும் அம்மா கேட்கச் சொன்னாள்.

ரயிலில் முன்பெல்லாம் 120 நாள் இருந்தது, இப்போது 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறார்கள். பிப்ரவரி 6 வெள்ளிக்கிழமை வண்டிக்கு டிசம்பர் 8 காலை எட்டு மணிக்குத் திறக்கும், பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். தவறவிட்டால் சொல். டிப்போவில் இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓரமாக ஒரு சீட் பிடித்துத் தருகிறேன், டிக்கெட் காசை மட்டும் நீ கொடு.

இப்படிக்கு,
அப்பா