துளசித் தொட்டிக் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரமாக ஒரு குரல் பதிவு சிங்கப்பூர் மோட்டார்சைக்கிள் ஓட்டிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் என் மைத்துனர். “காக்கி புக்கிட்டில் அந்தப் பட்டறைக்குப் போகாதீர்கள். ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லை என்று போனால் பேட்டரியைத் தலையில் கட்டி அனுப்புவார்கள்” என்கிறது பதிவு. கடையின் பெயரைச் சொல்லவில்லை. வாசலில் துளசித் தொட்டி இருக்கும் கடை என்று சொன்ன பிறகு பெயர் எதற்கு?

பேசிய தம்பி மீது எனக்குக் கோபமில்லை. (முதல் இரண்டு நாள் இருந்தது.) ஆனால் நடந்ததை முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

அவருடையது 2002இல் பதிவான நானூறு சிசி வண்டி. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ‘டக டக டக’ என்று ரிலே (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் திறந்துவிடும் சுவிட்ச்) அடித்துக்கொள்ளும், விளக்கு மங்கும், எஞ்சின் சுற்றாது. பெரும்பாலும் அது பேட்டரி இறந்துகொண்டிருக்கும் சத்தம். மீட்டர் வைத்தோம். சும்மா இருக்கும்போது 12.4 வோல்ட், முழுதாக மின்னேறிய பேட்டரி 12.6க்கு மேல் காட்டும். பொத்தானை அழுத்தியபோது 8.7க்கு இறங்கியது. பத்தை விட்டு இவ்வளவு கீழே போனால் அதை வழியனுப்பி வைப்பதுதான் முறை. நான்கு வருடம் உழைத்த பேட்டரி. மாற்றினோம். வண்டி உறுமிக்கொண்டு போனது.

பதினோராவது நாள் திரும்பி வந்தது. இந்த முறை சத்தமே வேறு. ஒரே ஒரு ‘டக்’, பிறகு அமைதி. சில நேரம் முனகியபடி அரைச் சுற்றுச் சுற்றும். பொத்தானை அழுத்தும்போதும் புதுப் பேட்டரி 11.9இல் அசையாமல் நிற்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ 8.9தான். நடுவில் மூன்று வோல்ட்டை யார் தின்றது? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் உடம்பிலும் வைத்துப் பொத்தானை அழுத்தினால் கால் வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். 2.6 காட்டியது. பேட்டரியின் நெகட்டிவை எஞ்சின் உடம்போடு இணைக்கும் எர்த் கம்பியைக் கழற்றினேன். வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. முனையருகே உறையைக் கத்தியால் கீறினால், உள்ளே செம்பு இழைகள் பச்சைப்பசேலென்று களிம்பேறிக் கிடந்தன. விரலால் தேய்த்தபோது பொடியாக உதிர்ந்தன. இருபது வருடத்து மழை அந்தக் கம்பிக்குள் இருந்தது.

கம்பியின் விலை பன்னிரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). “பன்னிரண்டு வெள்ளி வேலைக்கு நூற்று முப்பது வெள்ளி பேட்டரி” என்று பதிவில் வருகிறதே, அந்த இடம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஐயா, பேட்டரியும் செத்துத்தான் இருந்தது. காய்ச்சலும் பல்வலியும் ஒரே ஆளுக்கு வருவதில்லையா? அந்தக் கம்பி மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருந்த நிலையிலும் பேட்டரி 8.7க்கு விழுந்தது என்றால், அதன் உடம்பில் என்ன மிச்சமிருந்தது என்று எண்ணிப் பாருங்கள். புதுப் பேட்டரியின் வலுவில் கம்பி சில நாள் தாக்குப்பிடித்தது, அவ்வளவுதான். கம்பிச் சோதனையை முதல் நாளே செய்திருக்கலாம், செய்யவில்லை. கம்பிக்கும் கூலிக்கும் அவரிடம் காசு வாங்கவில்லை என்பதைப் பதிவு சொல்லவில்லை.

முன்பெல்லாம் அந்தச் சோதனை நம் கடையில் தவறியதே இல்லை. பதினான்கு வருடம் விடியுமுன்னே கடற்பாலம் தாண்டி வந்துகொண்டிருந்த நம் மூத்த மெக்கானிக், உங்களில் பலருக்கு ‘அண்ணன்’, ஜொகூரில் சொந்தப் பட்டறை திறந்துவிட்டார். வாழ்த்தித்தான் அனுப்பினேன். அவர் காதால் கேட்டதை நாங்கள் இப்போது மீட்டரால் தேடுகிறோம். அதனால் காலையில் விட்ட வண்டியை மாலையே கேட்காதீர்கள். இரண்டு நாள் கொடுங்கள்.

வண்டியைக் கொண்டுவருமுன் நீங்களும் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்தால் எங்கள் வேலை பாதியாகும். ‘விர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி எஞ்சின் சும்மா இருந்தால் பெரும்பாலும் மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொடுக்கும் ஒருவழி கிளட்ச்தான் கெட்டிருக்கும். அது பெரிய வேலை. சத்தமே இல்லையென்றால் நியூட்ரல் விளக்கு எரிகிறதா, பக்கத் தாங்கி (சைடு ஸ்டாண்ட்) மடங்கியிருக்கிறதா, கிளட்ச் பிடியை முழுதாக அழுத்தினீர்களா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் கைப்பிடியருகே எஞ்சினை அணைக்கும் அந்தச் சிவப்புச் சுவிட்சைப் பாருங்கள். சுவிட்ச் அணைந்திருப்பது தெரியாமல் பிடோக்கிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்த ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருப்பார்; பெயர் சொல்ல மாட்டேன். ஹோண்டா சூப்பர் ஃபோர் போன்ற வண்டிகளில் காலால் உதைத்துக் கிளப்பும் கிக்கர் கிடையாது. பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் வண்டிகளின் காலத்தில் ஓர் உதை உதைத்துவிட்டுப் போய்விடுவீர்கள், எங்களுக்கும் இந்தப் பஞ்சாயத்து இல்லை.

2003 ஜூலை 1க்கு முன் பதிவான வண்டிகளைப் பொதுவாக 2028 ஜூன் 30க்குப் பிறகு இங்கே சாலையில் ஓட்ட முடியாது. இனி எதற்குச் செலவு என்று அவற்றை வைத்திருப்பவர்கள் கேட்பது நியாயம்தான். உதிரிபாகம் விற்பவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ் ஒரு செட் கிடைக்கவே அலைய வேண்டியிருக்கிறது. வாடகை ஏறிவிட்டது, பொருள் சேவை வரி 2024இலிருந்து ஒன்பது விழுக்காடு. அடுத்த மாதம் முதல் மின்கோளாறு பார்க்க நாற்பது வெள்ளி உண்டு.

2020இல் ஊர் அடங்கிக் கிடந்து மீண்டும் திறந்தபோது, முதல் நாளே வரிசையில் நின்றவர்களை நான் மறக்கவில்லை. இந்தப் பதிவைக் கேட்ட பிறகும் வேண்டுமென்றே எண்ணெய் மாற்ற வந்து, ஒன்றும் கேட்காமல் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன மூவருக்கும் என் கைகூப்பு.

அந்தத் தம்பியின் பழைய பேட்டரி இன்னும் கடை அலமாரியில்தான் இருக்கிறது. மீட்டரும் பக்கத்திலேயே தொங்குகிறது. வந்து வைத்துப் பாருங்கள்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்,
காக்கி புக்கிட்