நீ அனுப்புன பாட்டு

பாப்பா,

வேலைய விட்டுட்டேன்னு நீ சொன்ன அன்னிக்கு போன்ல நான் கத்துனேன், நீ ஒரு வார்த்த பேசல, ராத்திரி ஒரு பாட்டு லிங்க் மட்டும் வந்துச்சு, இங்கிலாந்து ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலோட சோல்ஸ்பரி ஹில். கோவத்துல ரொம்ப நாள் தொடவே இல்ல. இப்போ எத்தன தடவ கேட்டேன்னு எண்ணல.

மொதல்ல தாளம்தான் பிடிபடல. மேஜைல தட்டிக்கிட்டே கேக்குறேன், எட்டாவது தட்டுக்கு கை எறங்குறதுக்குள்ள பாட்டு அடுத்த சுத்துக்கு போயிடுது. அப்புறம்தான் எண்ணிப் பாத்தேன், ஏழு! ராக் பாட்டுல பெரும்பாலும் நாலுதான வரும், இது நம்ம கர்நாடக சங்கீதத்துல வர்ற மிஸ்ர சாப்பு தாளத்துக் கணக்கு. தூக்குன கால கீழ வைக்க விடாம நடத்திக்கிட்டே போறாரு மனுஷன், கோரஸ் முடியுற எடத்துல மட்டும் கொஞ்சம் நாலுக்கு வந்து ஊனிக்குறாரு, திரும்ப ஏழு.

கதையும் தேடிப் படிச்சேன். ஜெனிசிஸ்னு ஒரு ராக் பேண்டுல பாடிக்கிட்டு இருந்தவரு, பேண்டு நல்லா மேல வந்துக்கிட்டு இருக்கறப்போ 1975-ல வெளிய வந்துட்டாரு, மொத கொழந்த பொறந்து வீட்டுல கஷ்டமான நேரம் வேற. 1977-ல தனியா போட்ட மொத சிங்கிள் இது. (அவர் போனதும் பேண்டு ஒண்ணும் படுத்துடல, டிரம்ஸ் வாசிச்ச பில் காலின்ஸ் பாட ஆரம்பிச்சு இன்னும் பெருசாச்சு. உன் ஆபீசும் பொழச்சுக்கும், விடு.)

சுதந்திரம்னா பைக்க முறுக்கிக்கிட்டு கத்துற பாட்டா இருக்கும்னு நெனச்சேன். இதுல ஒருத்தன் இங்கிலாந்துல பாத் நகரத்துப் பக்கம் 200 மீட்டர் கூட இல்லாத அந்த சோல்ஸ்பரி குன்னு மேல ராத்திரில ஏறி கீழ ஊர் வெளிச்சத்த பாக்குறான், ஒரு கழுகு வந்து கெளம்புன்னு சொல்லுது, அவனுக்கு நெஞ்சு படபடங்குது, காதுல விழுந்தத அவனாலயே நம்ப முடியல. சிநேகிதங்க கிட்ட சொன்னா பைத்தியம்னு நெனப்பாங்கன்னு வாய மூடிக்கிட்டு பழைய வேலையவே பாத்துக்கிட்டு இருக்கான். அந்த எடத்துலதான் பாட்ட நிறுத்திட்டேன். நீ எத்தன மாசம் இப்படி இருந்த? பைத்தியம்னு நெனப்பாங்கன்னு நீ பயந்தவங்கள்ல மொத ஆளு நான்தான, அதுக்கு ஏத்த மாதிரியே கத்தியும் வச்சேன்.

இன்னொண்ணு. வீட்டுக்கு கூட்டிப் போக வந்திருக்கேன்னு சொல்லுது அந்த கழுகு. விட்டுட்டுப் போறதுக்குப் பேரு வீட்டுக்குப் போறதா, அப்போ நாங்க இருக்கறது என்னன்னு சுருக்குன்னுச்சு. இப்பவும் கொஞ்சம் குத்துது, பொய் சொல்ல மாட்டேன்.

கடைசி சுத்துல ஒரு வரி மாறுதே, கவனிச்சியா? மொதல்ல சாமான எடுத்துக்கன்னு கழுகு சொல்லும், கடைசில அவனே சொல்றான், என் சாமான நீங்களே வச்சுக்கங்கன்னு. உன் ரூம்ல இருக்கற அட்டப்பெட்டிய எல்லாம் எப்ப எடுத்துட்டுப் போறன்னு கேக்கத்தான் இந்த லெட்டரயே ஆரம்பிச்சேன். வேணாம், இங்கயே கெடக்கட்டும். நான் வச்சுக்கறேன்.

அப்பா