வக்கீல் ஆபீஸ் வேலை பற்றி மீனாவுக்கு

அன்புள்ள மீனாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருந்தாய். பி.காம். படித்துவிட்டு டைப் அடிக்கப் போவதா என்று அப்பா முணுமுணுக்கிறார். போ என்றுதான் நான் சொல்வேன். ஆனால் அங்கேயே காலம் பூரா உட்கார்ந்துவிடாதே.

டைப் அடிப்பது அந்த வேலையில் பாதிகூட இல்லை. வாய்தா தேதியை டைரியில் ஏற்றுவது, கேஸ் கட்டை எடுத்து வைப்பது, கட்சிக்காரர் போனுக்குப் பதில் சொல்வது, பக்க எண் போட்டு ஈ-ஃபைலிங்குக்கு பி.டி.எஃப். தயார் பண்ணுவது எல்லாம் உன் தலையில்தான் விழும். சிவில் வழக்கில் சம்மன் கிடைத்ததிலிருந்து 30 நாளில் எதிருரை, அதாவது வழக்குக்கு நம் பதில், போட வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 வரை. அந்தக் கணக்கை வக்கீல் மறந்தாலும் நீ மறக்கக் கூடாது.

சொத்து விவரம் அடிக்கும்போது மட்டும் ரொம்பக் கவனம். பழைய பத்திரங்களில் ‘ராமசாமி நிலத்துக்குத் தெற்கு’ என்று இருக்கும். நம் கட்சிக்காரர் நிலம் அதற்குத் தெற்கே கிடக்கிறது, அதாவது ராமசாமி நிலம் வடக்கு எல்லை. பிராதில் (வழக்கு மனுவில்) நான்கு எல்லையையும் கட்டம் போட்டு நிரப்பும்போது, புதிதாக வந்த பிள்ளைகள் ‘தெற்கில்: ராமசாமி நிலம்’ என்று அடித்துவிடுவார்கள். ஸ்பெல் செக் இதைப் பிடிக்காது. கோர்ட்டில் ஜெயித்து டிகிரி (தீர்ப்பாணை) வாங்கி, கோர்ட் ஊழியரான அமீனா இடத்தைக் காலி செய்து கொடுக்கப் போகும்போதுதான் தகராறு கிளம்பும். சர்வே நம்பரின் உட்பிரிவில் 2ஏ, 2பி மாறிப்போவதும் இதே கதைதான். இதையெல்லாம் பார்த்துச் சொல்கிற டைப்பிஸ்டை எந்த வக்கீலும் லேசில் விடமாட்டார்.

கிரிமினல் பக்கமும் இப்போது அப்படித்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482-வது பிரிவு என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் மனு என்று எங்களுக்கெல்லாம் மனப்பாடம். 2024 ஜூலை 1-ல் புதுச் சட்டங்கள் வந்த பிறகு அது 528 ஆகிவிட்டது. புதுச் சட்டத்தில் 482 முன்ஜாமீனுக்குப் போய்விட்டது. பழைய ஃபைலைக் காப்பி பண்ணி பெயரை மட்டும் மாற்றினால் கோர்ட்டில் மனுவைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். (கார்பன் வைத்து அடித்த காலத்தில் இந்தக் காப்பி-பேஸ்ட் ஆசை எங்களுக்கு வந்ததே இல்லை. எதிர்த்தரப்புக்குப் போகும் கடைசிக் காப்பியைத்தான் யாராலும் படிக்க முடியாது.)

போனிலேயே பேசி டைப் ஆக்கிவிடுகிறார்களே, இந்த வேலை நிலைக்குமா என்றாய். வேகத்தை மட்டும் நம்பி இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். அதனால்தான் சுருக்கெழுத்தையும் படி என்கிறேன். ஜட்ஜ் பெஞ்சில் இருந்து உத்தரவு சொல்லச் சொல்ல எடுப்பதற்கு இன்னமும் ஸ்டெனோதான் உட்கார்கிறார்.

அரசு தொழில்நுட்பத் தேர்வு பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும். இங்கிலீஷ் டைப்பிங் ஜூனியருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, சீனியருக்கு 45. சுருக்கெழுத்தில் ஜூனியர் 80, இன்டர் 100, சீனியர் 120. தமிழ் டைப்பிங்கை விட்டுவிடாதே. கீழ்க்கோர்ட்டுகளில் தமிழ், ஐகோர்ட்டில் இங்கிலீஷ் என்பதால் இரண்டும் தெரிந்தவருக்கு மதிப்பே வேறு. குரூப் 4-ல் டைப்பிஸ்ட், ஸ்டெனோ டைப்பிஸ்ட் வேலைக்கும் இரண்டிலும் சீனியர் முடித்தவர்களுக்குத்தான் முதலிடம். கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழையும் சேர்த்து வாங்கிவிடு. ஐகோர்ட்டில் நீதிபதிகளுக்கு பர்சனல் அசிஸ்டென்ட் வேலைக்கு ஆள் எடுக்கும்போது உன் பி.காமுக்கும் வேலை வரும், அப்பாவிடம் சொல்.

வக்கீல் ஆபீஸில் தொழில் கற்றுக்கொள்ளலாம், பென்ஷனை எதிர்பார்க்க முடியாது. பெரிய லா ஃபர்ம்களிலும் பேங்க் லீகல் பிரிவிலும் சம்பளம் பரவாயில்லை, அங்கே அனுபவம் கேட்பார்கள். அதற்கு இந்த ஆபீஸ் உதவும்.

சேருவதற்கு முன் பி.எஃப். உண்டா, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று கேட்டுக்கொள். சீனியர் வக்கீல் கோர்ட்டிலிருந்து வந்த பிறகுதான் டிக்டேஷனே ஆரம்பிக்கும்; ஏழு மணிக்கு மேல் என்றால் ஷார்ட்ஹேண்ட் கிளாஸைக் காலையில் வைத்துக்கொள். பாரிமுனையில் இருந்து உன் ஹாஸ்டலுக்குக் கடைசி பஸ் எப்போது என்றும் விசாரித்துவிட்டு எனக்கு போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா