முலாம் என்றால் குறைச்சலா? தண்ணீரைப் பிரிக்கும் வலைகள் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு பாடசாலை விஞ்ஞான ஆசிரியர், எங்களிடம் வாங்கிய பிளாற்றின வலையைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். வலையின் மூலையை ஆணியால் கீறிப் பார்த்திருக்கிறார். கீறிய இடத்தில் வேறொரு சாம்பல் நிறம் தெரிந்தது. "ஐயா, உள்ளே வெறும் டைட்டேனியம். மேலே பூச்சு மட்டும்தான். இதைப் பிளாற்றினம் என்று சொல்லி விற்கலாமா?" என்று கேட்டார். குரலை உயர்த்தாமல் கேட்டார், அதுதான் இன்னும் சுட்டது.

செட்டியார் தெருவில் கடை வைத்திருப்பவனுக்கு இதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. தங்கம் என்று சொல்லி முலாம் பூசியதைக் கொடுத்தவனை இந்தத் தெரு மன்னிக்காது. ஆனால் மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும் வேலையில் முலாம்தான் சரக்கு. அதை உங்கள் எல்லோருக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் பிழை.

நகைப் பட்டறைகளுக்கு இந்த வலை பழக்கமான பொருள். வெள்ளைத் தங்கத்துக்கு ரோடியம் பூசும் தொட்டியில் அனோட்டாக, அதாவது நேர்முனையாகத் தொங்குவது இதுதான். அதனால் பட்டறைக்காரர் யாரும் விளக்கம் கேட்டதில்லை. பிறகு பாடசாலைகளும் பல்கலைக்கழக மாணவர்களும் தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுத்துப் பார்க்க இதே வலையைத் தேடி வந்தார்கள். நாங்களும் பழைய பழக்கத்தில் பில்லில் 'பிளாற்றின வலை' என்று எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

அன்று அந்த ஆசிரியருக்கு மேசையிலேயே செய்து காட்டினோம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஐதான சல்பூரிக் அமிலம். ஒன்றில் கட்டிப் பிளாற்றினத் தகட்டைக் கதோட்டாக (ஐதரசன் வரும் எதிர்முனையாக) வைத்தோம், மற்றதில் அவருடைய கீறல் விழுந்த வலையை. இரண்டையும் தொடராக இணைத்ததால் இரண்டிலும் ஓடியது ஒரே மின்னோட்டம்தான். குமிழி இரண்டிலும் ஒரே மாதிரிப் பொங்கியது. மீற்றரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வோல்ட்டில் வித்தியாசம் இரண்டாவது தசம இடத்தில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியென்றால் கட்டித் தகட்டின் உள்ளே இருக்கிற பிளாற்றினம் என்ன செய்கிறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் பதில்.

ஐதரசன் உருவாகும் வேலை முழுக்க உலோகத்தின் மேற்தோலில், தண்ணீர் தொடும் அணு அடுக்கில்தான் நடக்கிறது. 10 சென்ரிமீற்றர் நீளமும் அகலமும் கொண்ட, 0.1 மில்லிமீற்றர் தடிப்பான பிளாற்றினத் தகடு ஏறக்குறைய 21 கிராம் நிறுக்கும். அதே அளவு டைட்டேனியத் தகட்டில் இரு பக்கமும் ஒரு மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிப்பில் பூசினால் 0.43 கிராம் போதும். ஐம்பதில் ஒரு பங்கு. தண்ணீருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆய்வுகூடங்களில் இதைவிட நெடுந்தூரம் போகிறார்கள். பிளாற்றின உப்பைக் கரைத்து, காபன் தூளின் மேல் 3 நனோமீற்றர் (மைக்ரோனில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு நனோமீற்றர்) அளவான மணிகளாகப் படியவைக்கிறார்கள். அந்த அளவில் ஒரு கிராம் பிளாற்றினத்தின் மேற்பரப்பைக் கணக்குப் போட்டால் 93 சதுர மீற்றர் வருகிறது. காணி கணக்கில் சொன்னால் மூன்றரைப் பேர்ச்சுக்கும் மேல்! கொழும்பில் அவ்வளவு நிலத்துக்கு என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் மெலிவுக்கும் ஓர் எல்லை உண்டு. மணி மிகச் சிறிதானால் கரையும், அல்லது ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும்.

சரி, ஏன் பிளாற்றினமேதான் வேண்டும்? ஐதரசன் அணுவை அது ஒட்டியும் ஒட்டாமலும் பிடிக்கிறது. இறுக்கிப் பிடிக்கிற உலோகம் வாயுவை விடாது, தளர்வாகப் பிடிக்கிற உலோகத்தில் அணுக்கள் வந்து சேராது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் போல் சபாற்றியே (1912 இல் நோபல் பரிசு பெற்றவர்) காட்டிய வழி இது. பிடி சரியாக இருந்தால் தள்ளுவதற்கு மேலதிக வோல்ட் பெரிதாகத் தேவைப்படாது. தண்ணீரைப் பிரிக்கக் கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் போதும், நடைமுறையில் 1.8, 2 என்று போகிறது. அந்த மேலதிகத்தைக் குறைப்பதுதான் பிளாற்றினம் போன்ற ஊக்கியின் வேலை. ஒரு கிலோ ஐதரசனுக்குள் அடங்கியிருப்பது 39 யூனிட் அளவு சக்தி, அதை எடுக்க இன்றைய இயந்திரங்களுக்கு 50 யூனிட்டுக்கு மேல் பிடிக்கிறது. மின்சார பில் கட்டும் எல்லோருக்கும் இந்த வித்தியாசம் விளங்கும்.

அடுத்தது, ஒட்சிசன் பக்கத்துக்கு நாங்கள் விற்கும் இரிடியம் பூசிய வலை ஏன் இவ்வளவு விலை என்ற கேள்வி. ஒட்சிசன் வரும் பக்கத்தில் பிளாற்றினம் சறுக்கும். தன் மேல் தானே ஒட்சைட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு அதிக வோல்ட் கேட்கும். ருதேனியம் ஒட்சைட்டு அதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் அமிலத்தில் சீக்கிரம் கரைந்துபோகும். வேலையும் செய்து அமிலத்திலும் தாக்குப்பிடிப்பது இரிடியம் ஒட்சைட்டு. இது பிளாற்றினச் சுரங்கத்தில் உப பொருளாகத்தான் வருகிறது, பெரும்பகுதி தென்னாபிரிக்காவிலிருந்து. உலகம் முழுதும் சேர்த்து ஆண்டுக்கு 7, 8 தொன் அளவுதான். 2020 நடுவில் ஒரு அவுன்ஸ் 2000 டொலருக்குக் கீழே இருந்தது, அடுத்த ஆண்டே 6000 டொலரை எட்டியது. அந்த விலையை நாங்கள் உண்டாக்கவில்லை. கூலியை மட்டும்தான் நாங்கள் தீர்மானிக்கிறோம்.

அந்தக் கூலி எதற்கு என்றும் பாருங்கள். டைட்டேனிய வலையைக் கொதிக்கும் ஒக்சாலிக் அமிலத்தில் போடுகிறோம். பளபளப்பு முழுக்கப் போய், மழைக்கால வானம் மாதிரி மங்கிய சாம்பலாக வெளியே வரும். பளபளப்பு ஒரு இடத்தில் மிஞ்சினாலும் அங்கே பூச்சு பிடிக்காது. பிறகு மதுசாரத்தில் கரைத்த இரிடியக் குளோரைட்டைத் தூரிகையால் மெல்லப் பூசி, உலரவிட்டு, 450 முதல் 500 பாகை வரை சூளையில் சுடுகிறோம். வெளியே எடுத்தால் இலேசான கருமை. மறுபடி பூச்சு, மறுபடி சூளை. பத்துத் தடவைக்குக் குறைந்தால் அது வலை இல்லை. அவசரப்பட்டு ஒரேயடியாகத் தடிப்பாகப் பூசினால் பொரிந்து உதிரும். வெளியிலிருந்து எங்களுக்கு வந்த ஒரு தொகுதி அப்படித்தான் இருந்தது. ஒட்டுநாடாவை ஒட்டி இழுத்தால் நாடா முழுக்கக் கறுப்புத் தூள். முழுவதையும் திருப்பி அனுப்பினோம். நீங்களும் கடையிலேயே நாடா ஒட்டிப் பார்த்து வாங்குங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டோம்.

ஆராய்ச்சி செய்யும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு தங்கச்சி, தான் செய்த மலிவான கதோட்டு நாளுக்கு நாள் நன்றாக வேலை செய்கிறது என்று வரைபடத்தோடு சந்தோஷமாக வந்தார். "அங்கிள், பிளாற்றினத்துக்குக் கிட்ட வந்துவிட்டது" என்றார். எதிர்ப்பக்கத்தில் என்ன வைத்தீர்கள் என்று கேட்டோம். எங்களிடம் வாங்கிய பிளாற்றினக் கம்பி, அதே முகவைக்குள். கம்பியிலிருந்து நுண்ணளவாகக் கரைந்த பிளாற்றினம் அவருடைய கதோட்டில் போய்ப் படிந்திருக்கிறது. கிராபைட் கோலை வைத்து மறுபடி செய்தபோது அந்த முன்னேற்றம் காணாமற்போனது. மாதக்கணக்கான உழைப்பு. கம்பியை விற்ற அன்றே எதற்கு என்று கேட்டிருந்தால் அவருக்கு அந்த நிலை வந்திருக்காது. அதை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. இப்போது எதற்கு என்று கேட்காமல் கம்பி கொடுப்பதில்லை. கிராபைட்டுக்குக் கஹட்டகஹ, போகல சுரங்கங்கள் பேர்போன நாட்டில் இருக்கிறோம், அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னும் ஒன்று. காரக் கரைசலில் வேலை செய்பவர்கள் எங்களிடம் விலைகூடிய வலை வாங்க வேண்டாம். பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் நிக்கல் வலை தாராளமாகப் போதும். பாடசாலைகளில் தயவுசெய்து கறியுப்பைப் போடாதீர்கள், ஒட்சிசனுக்குப் பதிலாகக் குளோரீன் கிளம்பும். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் எடுங்கள். இரிடிய வலையைக் கதோட்டுப் பக்கம் மாற்றிக் கொடுத்தால் பூச்சு கெடும். வாயுவை மூடிய போத்தலில் சேர்க்கவே வேண்டாம். காற்றில் 4 வீதம் ஐதரசன் கலந்தாலே தீப்பிடிக்கும்.

இந்த மாதம் முதல் பில்லில் 'பிளாற்றினம் பூசிய டைட்டேனிய வலை' என்று முழுப் பெயரையும், எத்தனை மைக்ரோன் என்பதையும் எழுதித் தருவோம். தேய்ந்த வலைகளையும் திரும்ப வாங்குகிறோம். பட்டறையில் தரையைக் கூட்டிய தூளைக்கூட எறியாத தெரு இது, ஒரு கிராம் இரிடியத்தை எப்படி எறிவது? பிளாற்றினம், தங்கத்தையும் கரைக்கும் இராச திராவகத்தில் கரையும், இரிடியம் அதற்கும் அசையாது. அதனால் இரண்டையும் வேறு வேறு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள். சுரண்டிக் கழுவ வேண்டாம், கறுப்புத் தூளோடு அப்படியே கொடுங்கள். உங்கள் கண் முன்னாலேயே நிறுத்து, அடுத்த வலையின் விலையில் கழித்துவிடுவோம்.

அந்த ஆசிரியரின் வலை இப்போதும் அவருடைய ஆய்வுகூடத்தில்தான் இருக்கிறது. கீறிய இடத்தில் டைட்டேனியம் தன் ஒட்சைட்டுத் தோலைத் தானே போர்த்திக்கொண்டுவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினோம்.

அன்புடன்,
உங்கள் கடையினர்
செட்டியார் தெரு, கொழும்பு 11