பழைய ஈ.சி.ஜி.யைக் கையில் கொடுத்தனுப்புங்கள்

ஆசிரியருக்கு,

மாரடைப்பு வந்து வார்ட்டிலிருந்து வீடு திரும்புகிறவரின் கையில் மருந்துத் துண்டு இருக்கும், நோய் விவரம் எழுதிய டயக்னோசிஸ் கார்ட் இருக்கும். கடைசியாக எடுத்த ஈ.சி.ஜி. மட்டும் பெரும்பாலும் இருக்காது. அது வைத்தியசாலைக் கட்டுகளுக்குள் போய்விடும். ஈ.சி.ஜி. எடுப்பதையே தொழிலாகச் செய்து ஓய்வுபெற்றவன் நான். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இதயத்தின் முன்சுவருக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டால் அங்குள்ள தசை செத்து, தழும்பாகி, மெலிந்துவிடுவதுண்டு. மற்றத் தசையெல்லாம் சுருங்கும்போது அந்த இடம் மட்டும் வெளியே பிதுங்கும். இதைத்தான் அனியூரிசம் என்கிறார்கள். அதற்குள் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இதயத்துடிப்பும் தாறுமாறாகலாம்.

மாரடைப்பு நேரத்தில் ஈ.சி.ஜி. கோட்டில் மேலே எழும்பிய எஸ்.டி. பகுதி (ஒவ்வொரு துடிப்பிலும் பெரிய கூர் அலைக்கும் அடுத்து வரும் அலைக்கும் இடைப்பட்ட துண்டு) நாளடைவில் இறங்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கடந்தும் இறங்காமல், ஆழமான கியூ அலையோடு (கூர் அலையின் தொடக்கத்தில் கீழே இறங்கும் பள்ளம்) வி1 முதல் வி4 வரை, அதாவது நெஞ்சின் முன்பக்கத்து நான்கு பதிவுகளில், அப்படியே நின்றால் அனியூரிசமோ என்று பார்க்க வேண்டும். ஈ.சி.ஜி. சந்தேகத்தைத்தான் கிளப்பும், உறுதிப்படுத்துவது எக்கோ என்ற இதய ஸ்கேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்த எஸ்.டி. பல வருடம் எழும்பியே இருக்கும். நெஞ்சு நோகுது என்று புதிய இடத்துக்குப் போனால், அங்கே அது புது மாரடைப்பாகத் தோன்றும். வி1 முதல் வி4 வரை ஏதாவதொன்றில் டி அலையின் (எஸ்.டி.க்கு அடுத்து வரும் அலை) உயரம் கியூ.ஆர்.எஸ். என்ற அந்தப் பெரிய கூர் அலையின் உயரத்தில் 0.36 பங்கைத் தாண்டினால் புதிய அடைப்பாக இருக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதுவும் சிலவேளை பிழையாகும். பழைய ஈ.சி.ஜி.யைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போல வராது.

என் மச்சான் புல்மோட்டைப் பக்கம். நெஞ்சு நோவோடு இரவில் ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். எஸ்.டி. எழும்பியிருக்கிறது, கட்டி கரைக்கும் மருந்து ஏற்றுவோம் என்றார்கள். மூளையில் இரத்தம் கசிய வைக்கக்கூடிய மருந்து அது, தேவையில்லாமல் ஏற்றக்கூடாது. நல்லகாலம், மருமகனின் போனில் போன வருடத்து ஈ.சி.ஜி. படம் இருந்தது. இரண்டும் ஒன்றுபோல. திரும்பத் திரும்ப எடுத்தும் மாற்றமில்லை, இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனினும் கூடவில்லை. மருந்து ஏற்றவில்லை. அந்த இளம் டொக்டர் படத்தை மதித்துப் பார்த்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

வீட்டுக்கு விடும்போதே கடைசி ஈ.சி.ஜி.யின் போட்டோக்கொப்பி ஒன்றைக் கார்டோடு சேர்த்துக் கொடுக்கலாம். எஸ்.டி. இன்னும் இறங்கவில்லை என்றால் அதைக் கார்டில் ஒரு வரி எழுதலாம். பிறகு கிளினிக்கில் எடுக்கும் ஈ.சி.ஜி.க்கும் அப்படியே. புது மெஷின் எதுவும் வேண்டியதில்லை.

நோயாளிகளுக்கும் ஒன்று: பழைய ஈ.சி.ஜி.யோடு ஒப்பிடுவது டொக்டரின் வேலை. நெஞ்சு நோவு வந்தால் "இது எனக்கு வழக்கமானதுதான்" என்று வீட்டில் இருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஈ.சி.ஜி. கடதாசி வெயிலிலும் வெளிச்சத்திலும் மங்கிப்போகும், ஆகவே போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று கடையில் லெமினேட் மட்டும் செய்யாதீர்கள். அந்தச் சூட்டில் கடதாசி முழுக்கக் கறுத்துவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஈ.சி.ஜி. பதிவாளர்,
உப்புவெளி, திருகோணமலை