நம் பள்ளி நூலகத் திருப்பணி: நிறைவு அறிக்கை

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நூலக வேலை முடிந்துவிட்டது. கூரை ஒழுகல், வெள்ளையடிப்பு, வயரிங், மின்விசிறி, கரையான் மருந்து எல்லாம் மதிப்பீட்டுத் தொகைக்குள் அடங்கின. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேட்டதெல்லாம் புதிதாகச் செய்த புத்தக ரேக்கைப் பற்றித்தான். மதிப்பீட்டுக்கு மேல் 42,000 ரூபாய் ஏன் போனது? கண்ணாடி பீரோக்கள் இருக்கும்போது திறந்த ரேக் எதற்கு? புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு? கேட்க வேண்டிய கேள்விகள்தான். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய நூலகம் மாடியில் இருந்தது. எல்லாப் புத்தகமும் பூட்டிய பீரோக்களுக்குள், சாவி ஒரே ஆசிரியரிடம். வேலை தொடங்கப் புத்தகங்களை இறக்கியபோது உள்ளே ஒட்டியிருந்த, புத்தகம் எடுத்துப்போகும்போது முத்திரை குத்தும் தேதிச் சீட்டுகளைப் பார்த்தோம். பெரும்பாலானவற்றில் ஒரு முத்திரைகூட இல்லை. வானவியல் பற்றிய நல்ல தமிழ்ப் புத்தகம் ஒன்றில் பக்க ஓரங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடி வெட்டுப்படாமல் ஒட்டியே கிடந்தன. பின்னட்டையிலிருந்து பாதி வரை கரையான் அரித்திருந்தது. நாம் எல்லோரும் காசு போட்டு வாங்கிக் கொடுத்த புத்தகம் அது.

பொறுப்பாசிரியரை நாங்கள் குறை சொல்லவில்லை. இருப்புச் சரிபார்ப்பில் ஒரு புத்தகம் குறைந்தாலும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த நிலையில் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள். அதனால் முதலில் அந்தப் பயத்தைப் போக்கினோம். தொலையும் புத்தகங்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை சங்கமே ஈடு தரும் என்று தீர்மானம் போட்டு, தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில்.

திறந்த ரேக் நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை. நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-ல் அவர் வெளியிட்ட நூலகங்களுக்கான ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். வாசகர் தானே எடுத்துப் புரட்டிப் பார்க்கும்படி நூலகம் இருக்க வேண்டும், தரையில் நின்றபடி கை எட்டாத உயரத்தில் புத்தகம் வைக்கக் கூடாது என்றெல்லாம் அவர் அப்போதே வாதாடினார். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மாடியிலிருந்தாவது இறங்கி வரட்டும் என்றுதான் தண்ணீர்க் குழாய்க்கு எதிரே உள்ள கீழறையைக் கேட்டு வாங்கினோம். மழைத் தண்ணீர் உள்ளே வரலாம் என்பதால் ரேக்கின் அடித்தட்டை ஓரடி மேலே வைக்கச் சொன்னோம்.

இனி ஒப்பந்தக்காரர் விவகாரம். நாலரை அடி உயரம், கதவு கிடையாது, பத்து ரேக் என்று எழுத்தில் கொடுத்திருந்தோம். பாதிப் பணம் முன்பணமாகவும் போயிருந்தது. வந்து இறங்கியவை ஏழடி ரேக்குகள், கண்ணாடிக் கதவும் பூட்டும் போட்டு. கேட்டால், "எல்லா ஸ்கூலுக்கும் இப்படித்தான் சார் செய்றோம், வெல்டிங் பண்ணியாச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கமிட்டியிலேயே சிலர், சரி, வந்தது வந்துவிட்டது, வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்போது ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ரேக் அருகே நிறுத்திப் பார்த்தோம். எக்கி நின்றும் மேல்தட்டை அவள் விரல் எட்டவில்லை. இப்படியே ஏற்றுக்கொள்வதில்லை என்று அன்றே முடிவாயிற்று.

பேச்சு முற்றி, மீதிப் பணத்தை நிறுத்தி வைத்து, கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். ரேக்குகளை அறுத்துக் கதவைக் கழற்றி மறுபடி பெயின்ட் அடிக்கும் செலவு ஆளுக்குப் பாதி. நம் பங்கு 14,000. நாலரை அடி ரேக் பத்து போதும் என்பது பழைய பதிவேட்டை வைத்துப் போட்ட கணக்கு. நன்கொடையாக வந்த புத்தகங்களையும் சேர்த்து அடுக்கியபோது இன்னும் இரண்டு தேவைப்பட்டன, அதற்கு 28,000. கூடுதல் தொகை முழுவதும் இவ்வளவே. இந்தச் செலவுக்காக நாங்கள் தலைகுனியத் தேவையில்லை என்றே நினைக்கிறோம்.

கொடுத்தவர்கள்: 1986 பத்தாம் வகுப்பு, 1994 மற்றும் 2003 பிளஸ் டூ, சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் நம் பழைய மாணவர்கள், கடைத்தெரு மளிகைக் கடை, மருந்துக் கடை, அரிசி ஆலை, இரண்டு மகளிர் சுயஉதவிக் குழுக்கள், ஓய்வுபெற்ற தமிழாசிரியை (ஒரு மாத ஓய்வூதியம் முழுவதும்), பெயர் வேண்டாம் என்ற இருவர். தனித்தனித் தொகை அறிவிப்புப் பலகையில் உள்ளது. கல்வெட்டு வைக்கவில்லை என்று சிலருக்கு மனக்குறை உண்டு. அந்தப் பணத்துக்குப் படம் போட்ட அறிவியல் புத்தகங்கள் வாங்கிவிட்டோம்.

கட்டடத்தைவிட முக்கியமாக, நூலகப் பாடவேளையில் வேறு தேர்வு வைப்பதில்லை என்று தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார். மதிய இடைவேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே முத்திரை குத்திப் புத்தகம் கொடுக்கிறார்கள். பாம்புகளைப் பற்றிய புத்தகம் திரும்பி வந்த அன்றே அடுத்த கைக்குப் போய்விடுகிறது, அட்டை ஓரம் இப்போதே மடங்கியிருக்கிறது. அழுக்காகிறதே என்று ஓர் உறுப்பினர் வருத்தப்பட்டார். கிழிந்தால் இன்னொரு பிரதி வாங்குவோம் ஐயா. சீட்டில் முத்திரை நிறைந்திருப்பதைப் பார்க்கத்தானே இவ்வளவு பாடும்.

ரசீதுகளும் ஒப்பந்தக் கடிதமும் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன. சனிக்கிழமை மாலைகளில் யாரும் வந்து பார்க்கலாம். புத்தகம் கொடுக்க நினைப்பவர்கள் பழைய கைடுகளையும் பாடப்புத்தகங்களையும் தயவுசெய்து தவிர்க்கவும்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டி