கரகரப்பு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய பாணியில் படமும் பாட்டும் எடுப்பவர்களுக்குச் சொந்தச் சரக்கு இல்லை என்று சென்ற வார இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன்.

கடலூரில் இருபது வருஷம் மைக் செட் போட்டவன் நான். கல்யாண வீட்டில் ரெகார்டு கீறல் விழுந்து ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடினால், ஊசி மாட்டிய கையின் மேல் ஒரு நாலணாக் காசை வைத்து ஒப்பேற்றுவோம். கனம் கூடினால் ஊசி தாவாது. தட்டு சீக்கிரம் தேய்ந்துவிடும், அது வேறு கதை. அந்தக் கரகரப்பை ஒழிக்க நாங்கள் படாத பாடு பட்டோம். இன்றைக்கு, சுத்தமாகப் பதிவான பாட்டில் அதே கரகரப்பைக் கம்ப்யூட்டரில் சேர்த்து, இது அந்தக் காலம் என்கிறார்கள். கூடவே பெல்பாட்டம், பெரிய காலர், சுவரில் பழைய போஸ்டர். இதைச் சரக்கில்லை என்று சொன்னால், சரி, நானும் கை தூக்குகிறேன்.

ஆனால் பாரதியாரை என்ன சொல்வது? 'தொண்டு செய்யும் அடிமை' பாட்டின் தலைப்பிலேயே, நந்தனார் சரித்திரப் பாட்டு ஒன்றின் வர்ணமெட்டு என்று அச்சாகியிருக்கும். கோபாலகிருஷ்ண பாரதியின் அந்தப் பாட்டில், நம் மாவட்டத்துச் சிதம்பரத்துக்குப் போக உத்தரவு கேட்ட பண்ணையாள் நந்தனை, 'உனக்கு மார்கழித் திருநாளா' என்று ஆண்டை ஏசுவார். அதே மெட்டில், சுயராஜ்யம் கேட்பவனைப் பார்த்து 'உனக்குச் சுதந்திர நினைவோடா' என்று வெள்ளைக்கார உத்தியோகஸ்தன் ஏசுகிறான். நந்தன் கதை கேட்டுப் பழகிய காதுக்கு, மெட்டை எடுத்ததுமே சுருக்கென்று தைத்திருக்கும். நேற்றுவரை பண்ணையாளை அதட்டியவர், இன்று துரையிடம் அதே அதட்டலை, அதே ராகத்தில் வாங்குகிறார். புதிதாக ஒரு மெட்டுப் போட்டிருந்தால் இந்தக் குத்தல் வருமா?

அவ்வளவு ஏன், பக்கத்துப் புதுச்சேரியில் கனக சுப்புரத்தினம், பாரதிதாசன் என்று பேரையே வைத்துக்கொண்டுதான் எழுதினார். அவருக்கா சரக்கில்லை?

கட்டுரை எழுதியவர் அந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து ஒருமுறை வாய்விட்டுப் பாடிப் பார்க்கட்டும். அப்புறம் மீதிப் பாதியைப் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மைக் செட் வைத்திருந்த ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.